ஊர் மாவட்டம் மாறினால் வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு?

கேள்வி: எங்கள் ஊர் புது மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. நிலத்தை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொல்லி, ஆறு வருடத்துக்கு முன் பழைய முன்சீஃப் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது. நிறைவேற்று மனு போடப் போனால், ‘உங்க கிராமம் இப்ப எங்க எல்லையில இல்லை’ என்கிறது பழைய கோர்ட். ‘தீர்ப்பு சொன்ன இடத்துக்கே போங்க’ என்கிறது புது கோர்ட். எல்லையை மாற்றுவது யார்? நான் எங்கே போவது?
- ஒரு வாசகி

பதில்: அலைய வேண்டாம் அம்மா. இரண்டு கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 37ஆம் பிரிவில், 1976 திருத்தம் இதற்கென்றே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறது. ஊர் கைமாறியது என்பதற்காகத் தீர்ப்பளித்த கோர்ட் அதிகாரத்தை இழப்பதில்லை. அதே வழக்கை இன்று புதிதாகப் போட்டால் எந்தக் கோர்ட் விசாரிக்குமோ, அதுவும் மனுவை வாங்கலாம். நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும் சுவாதீனத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்பதற்குக் கெடு 12 வருடம். உங்களுக்குக் காலம் இருக்கிறது.

எல்லை விஷயத்தில் பலரும் தடுமாறுவது ஓரிடத்தில்தான். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களும் 2020இல் மயிலாடுதுறையும் பிறந்தன. அதெல்லாம் வருவாய்த் துறைக் கணக்கு. கலெக்டர் வந்த அன்றே மாவட்ட நீதிபதியும் வந்துவிடுவதில்லை. மாவட்ட நீதிமன்ற எல்லையை மாநில அரசு உயர் நீதிமன்றத்தோடு கலந்து தனியாக அறிவிக்க வேண்டும். பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் ஒரே செஷன்ஸ் கோர்ட்டின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

நான் கோர்ட் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தபோது இப்படி ஒரு எல்லைப் பிரிவினையைப் பார்த்தேன். கிராமப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழக்குக் கட்டாகப் பிரித்து, பிராதின் (வழக்கு மனுவின்) கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தைப் படித்தோம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் நஞ்சை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். அப்படி இருந்தால் எந்தப் பக்கத்துக் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்று 17ஆம் பிரிவு சொல்வதால், அந்தக் கட்டைப் புது கோர்ட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டோம். அடுத்த வாய்தா எங்கே என்று தெரியாமல் வராந்தாவில் நின்ற ஒரு பெரியவரின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கட்டு எங்கே போகிறது என்று கட்சிக்காரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதில் நான் அன்றும் இன்றும் பிடிவாதக்காரன்.

எல்லை அறிவிப்பு மட்டும் போதாது; புது கோர்ட்டுக்கு வேண்டிய நீதிபதி பணியிடங்களையும் உயர் நீதிமன்றம் கேட்டு, அரசு நிதி ஒதுக்கி, அரசாணை போட வேண்டும். எத்தனை பேர் தேவை? 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்று சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. தலைக்கணக்கு மட்டும் போதாது, வழக்கின் தன்மைக்கேற்ப எடை போட்டுக் கணக்கிட வேண்டும் என்ற முறையை உச்ச நீதிமன்றம் 2017இல் ஏற்றது. அதுதான் சரி. செக் வழக்குக்கும் மூன்று தலைமுறைச் சொத்துத் தகராறுக்கும் ஒரே நேரமா பிடிக்கும்?

சரி, உங்கள் மனுவுக்கு வருவோம். புது கோர்ட்டிலேயே போடுங்கள். நிலத்தை அளந்து ஒப்படைக்க வரப்போவது அந்தக் கோர்ட்டின் உத்தரவை நேரில் நிறைவேற்றும் ஊழியரான அமீன்தான். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலையும், உங்கள் கிராமத்தின் பெயர் இருக்கும் எல்லை அறிவிப்பின் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சொத்து விவரத்தில் பழைய மாவட்டம், தாலுகாவின் பெயரை அப்படியே எழுதி, ‘தற்போது’ என்று போட்டுப் புதுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் வாங்க மறுத்தால், காரணத்தை எழுதித் திருப்பித் தரும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.