இன்னொரு மெஷ் யூனிட் வாங்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

மெஷ் வைஃபையை, அதாவது வீட்டின் பல இடங்களில் யூனிட்டுகளை வைத்து ஒரே வைஃபையாக ஓட்டும் செட்டை, விரிவாக்குவது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி, "இன்னொரு யூனிட் சேர்த்தால் சரியாகிவிடுமா?" என்பதன் வேறு வேறு வடிவங்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: மாடியில் கடைசி அறைக்கு வைஃபை வரவே இல்லை. மூன்றாவது யூனிட் வாங்கி அந்த அறையிலேயே வைத்தேன். போனில் சிக்னல் கோடு முழுசா காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. யூனிட் பழுதா சார்?

பழுதில்லை. வைத்த இடம்தான் தப்பு. போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்தில் இருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் உள்ள சிக்னல். அந்த யூனிட்டுக்கே மெயின் யூனிட்டிலிருந்து ஒழுங்காக வரவில்லை என்றால் அது எதைக் கொடுக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சிக்னல் செத்துப்போன இடத்தில் யூனிட்டை வைக்கக் கூடாது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் அது பாதி வழியில் இருக்கும். உங்கள் வீட்டில் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துப் பாருங்கள். பல ஆப்களில் யூனிட்டுக்கு யூனிட் சிக்னல் எவ்வளவு என்று டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் எண் என்பதால் குழப்பும்: -55 நல்லது, -65 வரை ஓட்டலாம், -75 என்றால் இடத்தை மாற்றுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ் இவற்றுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

கேள்வி: மெயின் யூனிட் பக்கத்தில் 300 எம்பிபிஎஸ், இரண்டாவதில் 150, மூன்றாவதில் 70. இது இயல்பா?

டூயல் பேண்ட் செட் (இரண்டே ரேடியோ, யூனிட்டுகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ இல்லை) என்றால் இயல்புதான். ஒரே கையால் வாங்கி அதே கையால் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் நேரத்தில் கொடுக்க முடியாது. ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் பேசுவதால், ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. டிரை பேண்ட் செட்டில் யூனிட்டுகள் தங்களுக்குள் பேச இன்னொரு ரேடியோ இருப்பதால் இழப்பு குறையும்.

உங்கள் எண்களைப் பார்த்தால் மூன்றாவது, இரண்டாவதின் வழியாகப் போகிறது. மெயினை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டையும் நேரடியாக அதனுடன் பேச விடுங்கள்.

கேள்வி: கேபிள் இழுத்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? சுவரைத் துளைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.

தெரியும். புது யூனிட் வாங்குகிற காசில் முதலில் கேபிள் இழுங்கள் என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. ஒரு கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) கொண்டுபோகும். ரேடியோ முழுவதும் போனுக்கும் லேப்டாப்புக்கும் மிச்சமாகும். முழு வீட்டுக்கும் வேண்டாம், ரொம்பத் தள்ளியிருக்கும் ஒரு யூனிட்டுக்கு மட்டும் போதும். கதவு நிலையை ஒட்டிப் பட்டைக் கேசிங் போட்டால் துளையே தேவைப்படாது.

ஒரு அனுபவம். என் வீட்டில் கேபிள் போட்ட பிறகும் மாடியில் 94 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டவில்லை. இரண்டு நாள் யூனிட்டைத் திட்டினேன். கடைசியில் பிளக்கைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால், எட்டு கம்பியில் பழுப்பு நிறக் கம்பி ஒன்று முனை வரை போகவே இல்லை. 100 எம்பிபிஎஸ்-க்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் 900-ஐத் தாண்டியது. அதனால் 94, 95 என்று நின்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள். அடுத்து யூனிட்டின் போர்ட்டைப் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான்.

கேள்வி: வேறு கம்பெனி யூனிட்டைச் சேர்க்கலாமா?

வேண்டாம். ஈஸிமெஷ் என்ற பொது விதிமுறை 2018-லேயே வந்தது, ஆனாலும் இரண்டு கம்பெனியைக் கலந்தால் தலைவலிதான். டிபி-லிங்க் கம்பெனியின் டெகோவில் வெவ்வேறு மாடல்கள் சேரும். ஒரே கம்பெனி என்பதற்காகவும் நம்பிவிட முடியாது: கூகுளின் நெஸ்ட் வைஃபை புரோ, பழைய நெஸ்ட் வைஃபையோடு சேராது. பழைய யூனிட் சேர்ந்தால் அதைக் கடைக்கோடியில் வையுங்கள். நடுவில் வைத்தால் பின்னால் வரும் எல்லாவற்றையும் அது இழுத்துப் பிடிக்கும்.

கேள்வி: அண்ணா, மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ் யூனிட்டையே பிடிச்சுக்கிட்டிருக்கு. ஏன்?

எந்த யூனிட்டோடு சேர்வது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான். 802.11 கே, வி, ஆர் என்ற வைஃபை வசதிகள் யூனிட் மாறுவதற்கு உதவும், கட்டாயப்படுத்தாது. ஆப்பில் 'ஃபாஸ்ட் ரோமிங்' இருந்தால் போட்டுப் பாருங்கள். யூனிட்டுகள் ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் இப்படி ஆகும்; கீழ் யூனிட் மாடியிலும் பலமாகக் கேட்டால் போன் ஏன் மாறப்போகிறது?

கேள்வி: மெஷ் போட்டதிலிருந்து லேப்டாப்புக்குப் பிரிண்டர் தெரியவில்லை.

பிரிண்டர் இன்னும் இணைய நிறுவனம் கொடுத்த பழைய ரவுட்டரின் வைஃபையில் இருக்கும், லேப்டாப் மெஷ்ஷில் இருக்கும். வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர், இரண்டு தனி நெட்வொர்க். மெஷ்ஷை ஆக்ஸஸ் பாயிண்ட் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும்) போடுங்கள், அல்லது பழைய ரவுட்டரை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை மெஷ்ஷிடம் விட்டு இணையத்தை அப்படியே கடத்தும்) மாற்றுங்கள். ஏதாவது ஒன்றுதான், இரண்டையும் செய்யாதீர்கள். ஆக்ஸஸ் பாயிண்ட் மோடில் குழந்தைகள் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் போய்விடலாம். எப்படியும் பழைய ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, பிரிண்டரை மெஷ்ஷில் சேருங்கள்.

முதலில் கேட்டவர் மறுபடியும்: படிக்கட்டுத் திருப்பத்தில் வெச்சுட்டேன் சார். அறையில் ஒரு கோடு குறைஞ்சிருக்கு, ஆனா வீடியோ நிக்காம ஓடுது. நாலாவது ஒண்ணு வாங்கி அந்தக் கோட்டையும் கொண்டு வரட்டுமா?

வேண்டாம், அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும்.