சின்ன ஊர்ல இருந்து பெரிய சிட்டிக்கு வந்து உங்க இருபதுகள்ல நீங்க கத்துக்கிட்டது என்ன?

தைரியம் வந்துச்சா, தன்னம்பிக்கை வந்துச்சான்னு கேட்டா எனக்கு உறுதியா சொல்லத் தெரியல. ஒரு பைல் வந்துச்சு, அது நிச்சயம். பத்தாங்கிளாஸ் மார்க் சீட்ல இருந்து ஹாஸ்டல் அட்வான்ஸ் ரசீது வரைக்கும் எல்லாம் உள்ள பைல், இப்பவும் பீரோல சேலைக்கு மேல தான் கெடக்கு. நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த பைலு, மீதி பாதி செங்கல்பட்டு வண்டில லேடீஸ் பெட்டி.

எனக்கு ஊரு கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. ஊர்ல இருந்தவரைக்கும் நான் யாருன்னு யார்ட்டயும் சொன்னதே இல்ல, அந்தத் தேவையே வந்ததில்ல. பலசரக்குக் கடைல "அப்பா கணக்குல எழுதிக்கோங்கண்ணே"ன்னா போதும், பேங்க்ல நகை வைக்கப் போனா அங்க உள்ள கிளார்க்கு எங்க அத்தை கூட படிச்சவங்க, டாக்டர்ட்ட டோக்கன் போடுற அக்கா எங்க தெரு. எந்த காரியம்னாலும் யாரப் பாக்கணும்ங்கறது தான் கேள்வி, என்ன கொண்டு போகணும்னு யாரும் யோசிச்சதே கெடையாது. இதுல கஷ்டமும் இருக்கு, பஸ் ஸ்டாண்டுல கூடப் படிச்ச பையன்ட்ட ரெண்டு நிமிஷம் நின்னு பேசுனா நான் வீடு போய்ச் சேருறதுக்கு முன்னாடி சேதி போய்ச் சேந்துரும். அதனால மெட்ராஸ்ல யாருக்கும் என்னையத் தெரியாதுங்கறது மொதல்ல எனக்கு அவ்ளோ சுகமா இருந்துச்சு.

2014ல பி.காம் முடிச்ச கையோட வந்தேன். மேற்கு மாம்பலத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ரூமுக்கு நாலு பேரு, தி.நகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. சம்பளத்துல பாதி ஹாஸ்டலுக்கே போயிரும், ஞாயித்துக்கெழம ராத்திரி மெஸ் கெடையாது, மாசக் கடைசில அம்மா உணவகத்து ஒரு ரூபா இட்லி தான் காப்பாத்துச்சு. இதெல்லாம் வந்த எல்லாரும் பட்டது தான், நீட்டி சொல்ல ஒண்ணும் இல்ல.

நான் தடுக்கி விழுந்தது இனிஷியல்ல. நம்ம பக்கம் குடும்பப் பேரு ஏது? மார்க் சீட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, பான் கார்டுல இனிஷியலே எடுத்துக்க மாட்டாங்க, விரிச்சு எழுதணும், அப்ப அப்பா பேரு தான் கடைசிப் பேரு. ஆக ஆபீஸ் மெயில்ல எல்லாம் நான் எங்கப்பா பேர்ல தான் சுத்திக்கிட்டு இருந்தேன். பாம்பே கிளையன்ட் ஒருத்தர் போன் பண்ணி எங்கப்பா பேரச் சொல்லி மேடம்னு கூப்ட்டாரு, அத வீட்ல சொன்னப்ப அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஆனா பிஎஃப் கணக்குல பேரு ஒரு மாதிரி ஆதார்ல ஒரு மாதிரின்னு நின்னப்ப யாருக்கும் சிரிப்பு வரல. அதுக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன்னு ஒரு பாரம், அப்ப நாமளும் கம்பெனியும் சேந்து தான் குடுக்க வேண்டியிருந்துச்சு. அதனால புதுசா வேலைல சேருறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது, பான் ஆதார் பேங்க் பிஎஃப் நாலுலயும் பேரும் பொறந்த தேதியும் ஒண்ணா இருக்கான்னு அங்க இருக்கும்போதே பாத்துருங்க, விட்டுட்டு வந்த கம்பெனி வாசல்ல கையெழுத்துக்குப் போய் நிக்கற மாதிரி ஒரு கொடும கெடையாது.

பிஎஃப்னு வந்துட்டதால இதையும் சொல்லிர்றேன். நம்மட்ட 12 சதவீதம் பிடிப்பாங்க, கம்பெனியும் அதே அளவு போடணும், கம்பெனி போடுறதுல ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். என் ஹாஸ்டல்ல முக்காவாசிப் பேரு ஒவ்வொரு வேலை மாறும்போதும் அந்தப் பணத்த எடுத்து போன் வாங்குவாங்க இல்லாட்டி தங்கச்சி காலேஜ் பீஸ் கட்டுவாங்க, பீஸ் கட்டுனவங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வீட்டு நெலம அப்படி. ஆனா மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு, எடுக்காம புதுக் கம்பெனி கணக்குக்கு மாத்திக்கிட்டே போனா பழைய வருஷமும் சேந்துக்கும், பத்து வருஷம் சேந்தா தான் மாசாமாசம் பென்ஷனுக்கு தகுதியே வரும். இத எனக்கு சொன்னது ஆபீஸ்ல யாரும் இல்ல. ட்ரெயின்ல தெரிஞ்சுக்கிட்டது.

ரெண்டாவது வேலை மறைமலைநகர் பக்கம் ஒரு வண்டி பார்ட்ஸ் கம்பெனில அக்கவுண்ட்ஸ். காலைல எல்லாரும் சிட்டிக்குள்ள வருவாங்க, நான் எதிர்ப்பக்கம் போவேன், அதனால உக்காந்து போறதுக்கு எடம் கெடைக்கும். மெட்ராஸ் சபர்பன் வண்டில லேடீஸ் பெட்டில போனவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் அது பாதி வீடு பாதி சந்தை. ஒரு பக்கம் கீரை ஆயுவாங்க, பூண்டு உரிப்பாங்க, பூ கட்டுவாங்க, நடுவுல ஹேர்பின், சுண்டல், கொய்யாப்பழம். தாம்பரம் வந்தா கூட்டம் ஏறும், அதோட சண்டையும் ஏறும். மாசம் பூரா போயிட்டு வர சீசன் டிக்கெட் எடுத்தா ஒரு வாரத்து பஸ் காசு கூட ஆகாது. நானும் ரொம்ப நாளு காதுல இயர்போன மாட்டிக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே தான் போனேன்.

அந்தப் பெட்டில செங்கல்பட்டு கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்த ஒரு அக்கா, சைதாப்பேட்டைக்காரங்க. நான் புதுக் கம்பெனில சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்துட்டுப் போன்னு அங்க சொல்லிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு தருவாங்களாம். ஊர்ல அப்பாட்ட கேட்டா "பெரிய கம்பெனிம்மா, குடுத்துரு, பத்திரமா தான வச்சுருப்பாங்க"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா யாரக் கேக்கறதுன்னும் தெரியல. அன்னைக்கு தான் பக்கத்துல உக்காந்துருந்த இந்த அக்காட்ட வாயத் தொறந்தேன். "இன்னாம்மா நீ, காட்டிட்டு வாங்கிக்கோ, ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடு, கேட்டா பேங்க் லோனுக்கு ஒரிஜினல் வேணும்னு சொல்லு, அவங்க வச்சுக்க எந்த ரூலும் இல்ல"ன்னு மடமடன்னு சொல்லிட்டு மறுபடியும் பூண்டு உரிக்கப் போயிட்டாங்க. அப்படியே போய்ச் சொன்னேன். ஹெச்ஆர் மூஞ்சி சுளிச்சாங்க, அவ்ளோ தான், வேலை கெடச்சுது. குடுத்துட்டு சேந்த பொண்ணுங்க ரெண்டு பேரு பின்னாடி வெளிய வர்றதுக்கு பட்ட பாட்ட நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.

மெட்ராஸ்காரங்க யாரையும் கண்டுக்க மாட்டாங்கன்னு ஊர்ல சொல்லி அனுப்புவாங்க. அது பாதி தான் உண்ம. எங்கூர்ல நாம கேக்காட்டியும் வந்து சொல்லுவாங்க, வேண்டாம்னாலும் சொல்லுவாங்க. இங்க கேட்டா தான் சொல்லுவாங்க, ஆனா கேட்டா முழுசா சொல்லுவாங்க, உங்கப்பா யாரு நீ எந்த ஊருன்னு எதிர்க்கேள்வி வராது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. கேக்கறதுக்கு வெக்கப்படுறவங்களுக்கு தான் இந்த ஊரு கல்நெஞ்சு ஊரு.

2015 வெள்ளத்துல இது வேற மாதிரி புரிஞ்சுது. டிசம்பர் 1, செவ்வாக்கெழம, பகல் பூரா விடாம மழை, ராத்திரி கரண்டு போச்சு, கொஞ்ச நேரத்துல போனும் போச்சு, ஹாஸ்டல் கீழ்த்தளத்துல தண்ணி ஏறிருச்சு. கீழ் ரூம் பொண்ணுங்க பெட்டிய கட்டில் மேல வச்சாங்க, கட்டிலும் பத்தல. எதிர்த்த வீட்டுக்காரங்கள நாங்க அதுவரைக்கும் கேட் முன்னாடி ஸ்கூட்டி நிறுத்தாதன்னு கத்துற ஆளா தான் பாத்துருக்கோம். அந்தம்மா டார்ச் அடிச்சு "எத்தன பேருடி இருக்கீங்க"ன்னு கேட்டது தான், மாடிக்கு ஏத்திட்டாங்க. கேஸ் அடுப்புல பெரிய குண்டான்ல ரசஞ்சோறு, தெரு பூரா வாங்கிட்டுப் போச்சு. வீட்ல எங்கம்மா டிவியப் பாத்துட்டு அழுது தீத்துட்டாங்க, என் குரல் கேக்கவே ரெண்டு நாள் ஆச்சு, "ஏட்டி, சாப்ட்டியா"ன்னு தான் அப்பவும் மொத கேள்வி.

தண்ணி வடிஞ்ச பெறகு மறுபடியும் காகிதம். பெரம்பலூர்ப் பொண்ணு ஒருத்திக்கு டிகிரி சர்டிபிகேட், மார்க் சீட் எல்லாம் கூழாப் போச்சு. வெள்ளத்துல போன சர்டிபிகேட்டுக்கு நகல் குடுக்க அரசாங்கம் தனியா முகாம் போட்டாங்க, அவ கூட நானும் போயி வரிசைல நின்னேன், ஆனா நம்பர் தெரிஞ்சவங்களுக்கு தான் சீக்கிரம் வேலை நடந்துச்சு, எந்த வருஷம் என்ன ரெஜிஸ்டர் நம்பர்னு ஒரு போட்டோ இருந்தா கூடப் போதும். நிவாரணம் 5000 ரூபா குடும்பத்துக்குன்னாங்க, ரேஷன் கார்டு வேணும். ஹாஸ்டல்ல இருக்குற பன்னெண்டு பொண்ணுங்க எந்தக் கணக்குல குடும்பம்? எங்க கார்டு எல்லாம் அவங்கவங்க ஊர்ல அம்மா அப்பா கிட்ட. அன்னைக்கு தான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வச்சேன், ஒரிஜினலுக்கு ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவரு.

கொஞ்ச வருஷம் கழிச்சு மூணு பேரு சேந்து வாடகை வீடு தேடுனோம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கமா. சொல்லி வச்ச மாதிரி எல்லா எடத்துலயும் "பேமிலிக்கு மட்டும் தான்". அதத் தாண்டுனா "வெஜ்ஜா நான்வெஜ்ஜா", அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறவங்களுக்கும் தெரியும் பதில் சொல்றவங்களுக்கும் தெரியும். ஒருத்தர் நேராவே "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேட்டாரு, அந்த வகைல அவரு தேவல, சுத்தி வளைக்கல. யாருக்கும் என்னையத் தெரியாதுன்னு நான் சந்தோஷப்பட்ட ஊர்ல வீட்டுக்காரங்களுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சாகணும். எத்தன பைல் தூக்கிட்டுப் போனாலும் இந்தக் கேள்விக்கு காகிதம் கெடையாது. நாங்க மூணு பேரும் வேற வேற ஆளுங்க, ஒருத்தி நல்லா மீன் கொழம்பு வைப்பா, கடைசில எங்களுக்கு வீடு குடுத்தது ரிட்டயர்டான ஒரு ரயில்வேக்காரரு, "மோட்டார அணைக்காம தூங்காதீங்க"ங்கறது மட்டும் தான் அவரு கண்டிஷன்.

அட்வான்ஸ் விஷயம் மட்டும் விவரமா சொல்றேன், ஏன்னா இன்னமும் பத்து மாச வாடகை கேக்குறாங்க. தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துச்சு. ஒப்பந்தத்துல நாமளா ஒத்துக்கிட்டா ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரி கிட்ட பதியணும். அந்த "ஒத்துக்கிட்டா ஒழிய"ல தான் எல்லாரும் பூந்து போறாங்க. சட்டத்தக் காட்டி சண்ட போட்டா வீடு கெடைக்காது, அது எனக்கும் தெரியும், ஆனா பேசுறதுக்கு ஒரு பிடி கெடைக்கும், பத்த அஞ்சாக் கொறைக்கலாம். கரண்டும் அப்படித்தான். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் இலவசம், 2016ல இருந்து. சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு மொத்தமா வாங்குற எடத்துல அது நம்மட்ட வந்து சேராது. உள்ள போறதுக்கு முன்னாடி தனி மீட்டரான்னு கேளுங்க, காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்கு எவ்ளோ பிடிப்பீங்கன்னும் அப்பவே கேட்டு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. இதுவும் பூண்டு அக்கா சொன்னது தான். அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க, பொங்கலுக்கு மெசேஜ் வரும்.

பொங்கல்னதும் டிக்கெட். அப்ப 120 நாளைக்கு முன்னாடி ரிசர்வேஷன் தொறக்கும், இப்ப 60 நாளா கொறச்சுட்டாங்க. காலைல எட்டு மணிக்கு ஆபீஸ்ல தெக்கத்தி ஆளுங்க அத்தன பேரும் சிஸ்டம் முன்னாடி மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருப்போம், நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகரும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். கெடைக்காத வருஷம் ஆம்னி பஸ்காரன் சொல்றது தான் ரேட்டு. வீட்டுக்குப் போக மாட்டேன்னு வீம்பா இருந்த வருஷமும் உண்டு, இருந்து பாத்தா தான் தெரியும், பொங்கலன்னைக்கு மாம்பலத்துல டீக்கடை கூட இருக்காது.

எங்க சித்தி மக இந்த வருஷம் வர்றா, கிண்டி பக்கம் வேலை. அவளுக்கு நெறைய விஷயம் என்ன விட சுலபம், சிட்டி சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட்டே கெடையாது, அரசாங்கமே தோழி விடுதின்னு நடத்துறாங்க, தாம்பரம் அடையாறுல எல்லாம் இருக்கு. அங்க எடம் கெடைக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கோம், கெடைக்காட்டி மாம்பலம், சைதாப்பேட்டை பக்கம் தனியார் ஹாஸ்டல் தான். யாருக்காவது நல்ல எடம் தெரிஞ்சா சொல்லுங்க. தண்ணி இருக்கணும், அட்வான்ஸுக்கு ரசீது குடுக்கணும், ராத்திரி ஒம்பதுக்கே கேட்ட பூட்டக்கூடாது, அவளுக்கு ஷிப்ட் முடியவே பத்தாகும்.