குளிர்கடலில் மூழ்கிய கப்பல்கள்: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்தை ஒட்டிய ஆர்க்னி தீவுகளின் நடுவே ஸ்காபா ஃபுளோ என்றொரு இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகளே தண்ணீரைத் திறந்துவிட்டு 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவற்றைப் பிறகு தூக்கி இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். மூன்று பெரிய போர்க்கப்பல்களும் குரூசர் எனப்படும் நான்கு சிறிய, வேகமான போர்க்கப்பல்களும் இன்றும் அடியில் கிடக்கின்றன. நான் அங்கே முங்கியவன் என்பதால் நம் பக்கத்து நண்பர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள்.

குடியாத்தம் தம்பி: கிணற்றில் குதித்து அடிமண் அள்ளி வருவேன், மூச்சு நன்றாகத் தாங்கும். சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டே முங்கும் ஸ்கூபா சுலபமாக வருமா?

தண்ணீர்ப் பயம் இல்லாதது பெரிய லாபம் தம்பி. ஆனால் மூச்சடக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கிணற்றில் நீ மேலே இழுத்த காற்றோடு இறங்குகிறாய். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவில் அப்படி இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுக்கும் காற்று, மேல்மட்டத்தில் இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் நுரையீரல் கிழிந்துபோகும். சீராக இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தவே கூடாது. இதைப் பழகாமல் எந்தக் கப்பலையும் நினைக்காதே.

சத்துவாச்சாரி நண்பர்: மே மாத வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்குமா?

கோடையிலேயே அங்கே தண்ணீர் 13, 14 டிகிரிதான். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். முதலில் விரல் மரத்துப்போகும், பக்கிளைத் தொட்டாலும் தெரியாது. அதனால் டிரை சூட்தான் சரி. உடம்பில் தண்ணீர் படாது, உள்ளே கம்பளி மாதிரி உடுப்புப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த உடைக்குள் இருக்கும் காற்று கால் பக்கம் ஏறினால் தலைகீழாகத் தூக்கிவிடும். நீச்சல் குளத்தில் பழகிய பிறகே கடலுக்குப் போங்கள்.

ராணிப்பேட்டை பொறியாளர்: சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் குளிரில் உறைந்துவிடும் என்கிறார்களே, தண்ணீரே உறையாதபோது அது எப்படி உறையும்?

நல்ல கேள்வி சார். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கும் காற்று, ரெகுலேட்டரின் முதல் கட்டத்திலேயே பத்து பார் அளவுக்கு இறங்குகிறது. அப்படிச் சட்டென்று விரியும் காற்று கடுமையாகக் குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரும் ஜில்லென்று இருந்தால் வால்வில் பனி பிடித்து, திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். காற்று கொட்டோ கொட்டென்று கொட்டி, சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகும். அதனால் குளிர்நீருக்கென்று மூடி அடைத்த ரெகுலேட்டரையே கேட்டு வாங்குங்கள். கொட்ட ஆரம்பித்தால் துணைக்கு வந்தவரின் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே மேலேறுங்கள்.

ஆரணி ஆசிரியை: சென்னையில் குண்டு போட்ட எம்டன் அங்கேதான் கிடக்கிறதா?

இல்லை அம்மா. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. ஸ்காபாவில் நின்றது அதே பெயரில் பிறகு கட்டிய கப்பல். மூழ்கடிக்கும் உத்தரவை ஜெர்மன் தளபதி அட்மிரல் ராய்ட்டர் கொடுத்தது அதிலிருந்துதான்.

வாணியம்பாடி நண்பர்: உள்ளே நுழையலாமா? நினைவாக ஏதாவது எடுத்து வரலாமா?

ஒரு திருகாணிகூட எடுக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் நியாயமும் இருக்கிறது. உள்ளே நுழைவது தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை அடித்தால் வண்டல் கிளம்பி, வந்த வழியே மறைந்துவிடும். வெளியிலேயே பார்க்க ஏராளம். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கோல்ன் கப்பலின் மேல் டார்ச் அடித்தால், வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரினங்கள் இரும்பை மூடியிருக்கும். அதே துறைமுகத்தில் கிடக்கும் பிரிட்டனின் ராயல் ஓக் பக்கம் மட்டும் போகவே கூடாது. 1939 அக்டோபர் 14 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியபோது 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அது அவர்களுடைய கல்லறை.

காட்பாடி தங்கை: எங்கே தொடங்குவது அண்ணா?

புதுச்சேரி பக்கம்தான். ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா என்று முதலில் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளம்மா. தொடக்கப் பயிற்சி 18 மீட்டர் வரை, அடுத்த நிலை 30 வரை. ஸ்காபா கப்பல்கள் பல 25 முதல் 45 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் இரண்டையும் முடித்து, டிரை சூட்டும் பழகிவிட்டுப் போ. அப்புறம், திரும்பும் டிக்கெட் போடும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டுவிடு.