சீன, ஜப்பானியச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தன?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் புழங்கும் சீன, ஜப்பானியச் சொற்கள் எந்த வழியாக வந்தன என்பது ஒன்று. சீனா அவ்வளவு பெரிய நாடாக இருந்தும் ஏன் ஜப்பானியச் சொற்களே அதிகம் கண்ணில் படுகின்றன என்பது இன்னொன்று. நான் பல வருடமாக ஆர்வத்தோடு தேடிப் படித்துவரும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், 'சீன மொழியிலிருந்து வந்த சொல்' என்று சொன்னால் அது பாதி விடைதான். சீனாவின் தென்கடற்கரையில் துறைமுகத்துக்குத் துறைமுகம் பேச்சு மாறும். ஃபூஜியன் பக்கம் ஹொக்கியன், கான்டன் (இன்றைய குவாங்சௌ) பக்கம் கான்டனீஸ், அரசு அதிகாரிகளிடம் மாண்டரின். எழுத்து ஒன்றுதான், ஆனால் அதைப் படிக்கும்போது வாயில் வரும் ஒலி வேறு வேறு. ஆங்கிலேயர்களும், அவர்களுக்கு முன்பே போன போர்ச்சுகீசியரும், டச்சுக்காரர்களும் எந்தக் கரையில் யாரிடம் சரக்கு வாங்கினார்களோ அந்த ஊர் ஒலிதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதனால் ஒரு சொல்லின் உருவத்தைப் பார்த்தே அது எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது என்று பல நேரம் சொல்லிவிடலாம்.

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். அமாய் (இன்றைய ஷியாமென்) துறைமுகத்து ஹொக்கியன் மக்கள் அதை 'தே' என்றார்கள். ஜாவாவுக்கு வந்துபோன அந்த வணிகர்களிடம் டச்சுக்காரர்கள் வாங்கினார்கள், அவர்கள் மூலமாகவே வட ஐரோப்பா முழுக்க அந்த உச்சரிப்பு பரவியது. சீனக் கரையில் மக்காவ் துறைமுகத்தில் தங்கியிருந்த போர்ச்சுகீசியர் கான்டனீஸ் ஒலியான 'ச்சா'வை எடுத்தார்கள், இன்றும் போர்ச்சுகலில் அதுதான் பேர். தரைவழியாகப் பாரசீகம், துருக்கி, ரஷ்யா, வட இந்தியா என்று போனது 'சாய்'. ஆங்கிலத்திலும் முதலில் தலைகாட்டியது 'ச்சா' வகை உச்சரிப்புதான். ஜப்பானின் ஹிராடோவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் 1615இல் எழுதிய கடிதத்தில் அந்த வடிவம் இருக்கிறது. அப்புறம் 1660இல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் ஒரு கோப்பை 'டீ' குடித்ததாக எழுதும்போது டச்சு வழி வென்றுகொண்டிருக்கிறது. ஆனால் அதன் பிறகும், 18ஆம் நூற்றாண்டில் கூட, ஆங்கிலேயர் பலர் அதை 'டே' என்றே உச்சரித்தார்கள், கவிதைகளில் வரும் எதுகைகளில் இருந்து அது தெரிகிறது. நம் தேயிலையில் இருக்கும் 'தே'யும் இந்த ஹொக்கியன் கிளையைச் சேர்ந்ததுதான்.

இன்னொன்றும் இங்கே சொல்ல ஆசை. என் பெரியப்பா குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பிரிவில் இருந்தார். பி.ஓ.பி., ஓ.பி. என்று தேயிலைத் தரத்தைக் குறிக்கும் எழுத்துகள் எங்கள் வீட்டில் சாதாரணமாக அடிபடும். அதில் கடைசி எழுத்து பீக்கோ, அதுவும் ஹொக்கியன்தான். தேயிலைக் கொழுந்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறிக்கும் சொல் அது. குன்னூரிலும் கொழும்பிலும் ஏலத்துக்கு வரும் மூட்டைகளில் இன்றும் அச்சடித்திருக்கிறார்கள்.

கெட்சப்பும் இதே கடற்கரைக்காரர்கள் கொடுத்ததுதான். தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஹொக்கியன் வணிகர்கள் மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாற்றைச் சொன்ன பேர் அது, மலாயில் 'கிச்சாப்' ஆனது (மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே அது சோயா சாஸ்). 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, ஊருக்குத் திரும்பியவர்கள் அந்தச் சுவையை வீட்டில் கொண்டுவரப் பார்த்தார்கள். நெத்திலி போன்ற மீனை வைத்துச் செய்தார்கள், காளானை வைத்துச் செய்தார்கள், வால்நட் காயை வைத்தும் செய்தார்கள். தக்காளி அதில் விழுந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில். பொருள் முழுக்க மாறிவிட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

அடுத்தது கான்டன். 1757இல் சீனப் பேரரசர் மேற்கத்தியரின் கடல் வணிகத்தை அந்த ஒரே துறைமுகத்தோடு நிறுத்தினார், 1842 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. வெளிநாட்டாருக்குச் சீன மொழி கற்றுக்கொடுப்பதும் தடை செய்யப்பட்டிருந்தது. ஆனால் வியாபாரம் நடந்தாக வேண்டுமே! அதனால் ஆங்கிலச் சொற்களைச் சீன வாக்கிய அமைப்பில் போட்டுப் பேசும் ஒரு வணிகக் கலப்பு மொழி அங்கே வளர்ந்தது, அதன் பேர் பிட்ஜின். அந்தப் பேரே 'பிசினஸ்' என்ற சொல்லைக் கான்டன் வாய் உச்சரித்த விதம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். சீக்கிரம் செய் என்பதற்கு 'சாப் சாப்', சாப்பிடும் குச்சிக்கு 'சாப்ஸ்டிக்' எல்லாம் அந்தப் பேச்சின் சொற்கள், 'சாப்' என்றால் வேகம். 'லுக்-சீ', 'நோ கேன் டூ' போன்றவை சொல்லளவில் முழு ஆங்கிலம், ஆனால் அதன் எலும்பு சீனம்.

வணிகர்களுக்கு அடுத்து தூதர்கள். 1793இல் மெக்கார்ட்னி பிரபு சியான்லொங் பேரரசரைப் பார்க்கப் போனபோது, நெற்றி தரையில் படும்படி விழுந்து வணங்க மறுத்தார். அந்த வணக்கத்தின் பேரான 'கௌடௌ' பற்றி அவரோடு போனவர்கள் ஊர் திரும்பி எழுதினார்கள், ஆங்கிலத்தில் அது யாரிடமாவது தேவைக்கு மேல் குழைந்து பணிவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

1849க்குப் பிறகு கலிபோர்னியாவில் தங்கம் தேடியும் அப்புறம் ரயில் பாதை போடவும் போனவர்களில் பெரும்பாலோர் கான்டனைச் சுற்றிய முத்தாற்றுப் படுகைக்காரர்கள், அதனால் சாப் சூயி, சௌ மெய்ன் என்று கான்டன் பக்கத்து ஒலியிலேயே சாப்பாட்டுப் பேர்கள் வந்தன. ஹாங்காங் பிரிட்டிஷ் கையில் இருந்ததும் சேர்ந்துகொள்ள, வோக், டிம் சம், பாக் சோய் எல்லாம் மாண்டரினைத் தொடாமலே ஆங்கிலத்துக்குப் போய்விட்டன.

மாண்டரினிலிருந்து வந்தவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். எனக்குப் பிடித்தது 'கங்-ஹோ'. ஜப்பான் படையெடுப்பின்போது 1938இல் சீனாவில் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன, அந்த நீளமான பேரின் சுருக்கம் இது. அதில் முன்நின்ற நியூசிலாந்துக்காரர் ரெவி ஆலி. அவர் மூலம் தெரிந்துகொண்ட அமெரிக்க மரைன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன், 1942இல் தன் படைப்பிரிவுக்கு அதையே முழக்கமாக வைத்தார். சுருக்கப் பேராக இருந்தது இன்று ஆங்கிலத்தில் அளவு மீறிய உற்சாகத்தைக் குறிக்கிறது.

சரி, ஜப்பானுக்கு வருவோம். ஆங்கிலேயர் 1613 முதல் 1623 வரை பத்து வருடம் ஹிராடோவில் கடை வைத்திருந்தார்கள், நஷ்டப்பட்டு மூடிவிட்டார்கள். 1641க்குப் பிறகு இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் நாகசாகியில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில். அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்குப் போன ஜப்பானியச் சொற்களில் பெரும்பாலானவை அந்த வாசல் வழியாகத்தான் போயிருக்கின்றன. சோயா அப்படிப்பட்டது. ஜப்பானியர் 'ஷோயு' என்றது சாஸை, பயறை அல்ல. டச்சுக்காரர்கள் சாஸை விற்றார்கள், அந்தச் சாஸ் எதில் செய்யப்படுகிறதோ அந்தப் பயறுக்கு ஐரோப்பா பிறகு சாஸின் பேரையே வைத்தது. தெஜிமாவில் 1690 முதல் 1692 வரை மருத்துவராக இருந்த ஜெர்மானியர் எங்கல்பெர்ட் கேம்ஃபர் எழுதிய ஜப்பான் வரலாறு 1727இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது, ஜப்பானிய வாழ்க்கை பற்றிய பல சொற்களை ஆங்கில வாசகர்கள் அதில்தான் முதலில் பார்த்தார்கள். ஜின்கோ மரத்தின் விசித்திரமான எழுத்துக்கூட்டும் அவருடையதே. 'கின்க்யோ' என்று வந்திருக்க வேண்டியது, அவருடைய 1712ஆம் வருடத்துப் புத்தகத்தில் எழுத்து மாறி விழுந்தது, லின்னேயஸ் அதையே தாவரப் பெயராக ஏற்றுக்கொண்டார். இன்றுவரை ஆங்கிலக் குழந்தைகள் அந்த எழுத்துக்கூட்டை மனப்பாடம் செய்கிறார்கள்.

1853இல் அமெரிக்கத் தளபதி பெரி போர்க்கப்பல்களோடு வந்து கதவைத் திறக்க வைத்த பிறகு சொற்கள் நேரடியாகவே வரத் தொடங்கின. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனை வெளிநாட்டாரிடம் குறிப்பிட 'தாய்குன்' என்று ஒரு பட்டம் வைத்திருந்தார்கள். அது 'டைக்கூன்' ஆகி, ஆபிரகாம் லிங்கனின் செயலாளர்கள் அவருக்குத் தங்களுக்குள் வைத்த பட்டப்பேராகி, பெரும் தொழிலதிபர் என்ற இன்றைய பொருளுக்கு 1920களில்தான் வந்து நின்றது. ரிக்‌ஷாவின் முழுப்பேர் 'ஜின்ரிகிஷா', மனித சக்தியில் ஓடும் வண்டி. ஜப்பானில் 1869 வாக்கில் வந்த வண்டி சிங்கப்பூர், சிம்லா, கல்கத்தா என்று பரவி நம்மூருக்கும் வந்தது. தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்ட பிறகும் பேர் மட்டும் ஆட்டோவோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.

சுனாமி 1896இல் சன்ரிக்கு கடற்கரையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பேரலையைப் பற்றி எழுதியவர்கள் மூலம் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் வழங்கிய பேர் அதை ஓதத்தோடு, அதாவது நிலவால் ஏறி இறங்கும் கடல்மட்டத்தோடு சம்பந்தப்படுத்தியது. இந்த அலைக்கும் ஓதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதால் விஞ்ஞானிகள் ஜப்பானியச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நிபுணர்களிடமும் கடல் பற்றிப் படிப்பவர்களிடமும் மட்டும் இருந்த அந்தச் சொல் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அதை எழுதும்போது எனக்கு இன்னும் கை நிற்கிறது.

1945க்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் குழுத்தலைவரைக் குறிக்கும் 'ஹான்சோ'வை ஊருக்குக் கொண்டுபோனார்கள், ஆங்கிலத்தில் அது 'ஹான்ச்சோ', முதலாளி, பெரிய ஆள். 1980களில் ஜப்பானியக் கார்கள் உலகச் சந்தையைப் பிடித்தபோது கைசன் (வேலையைத் தொடர்ந்து சிறிது சிறிதாக மேம்படுத்துவது), கான்பன் (அட்டை வைத்துத் தேவைக்கேற்ப வேலையை நகர்த்துவது) எல்லாம் மேலாண்மைப் புத்தகங்களில் நிறைந்தன. ஒசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிஃப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் அந்தச் சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே புழங்குகிறார்கள். அப்புறம் அனிமே, மங்கா, சுடோகு, எமோஜி. இதில் சிலது திரும்பி வந்தவை: 'அனிமேஷன்' ஜப்பானுக்குப் போய்ச் சுருங்கி அனிமே ஆனது, கரோக்கேயின் பின்பாதி 'ஆர்கெஸ்ட்ரா'. சுடோகு விளையாட்டே 1979இல் அமெரிக்கப் பத்திரிகையில் வேறு பேரில் வந்தது, ஜப்பான் 1984இல் பேர் வைத்தது, 2004இல் லண்டன் நாளிதழ் வழியாக ஆங்கிலத்துக்கு மறுபடி வந்தது. எமோஜியில் ஆங்கில 'எமோஷன்' ஒளிந்திருப்பதாகப் பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

இப்போது இரண்டாவது கேள்வி. என் பார்வையில் மூன்று காரணம் இருக்கிறது. சீனத்திலிருந்து கிளம்பிய பலவற்றை ஆங்கிலம் ஜப்பானியரிடம் வாங்கியது. தோஃபு, போன்சாய், ராமென், 'கோ' விளையாட்டு எல்லாம் சீனத்தில் தொடங்கி ஜப்பானிய உச்சரிப்பில் போனவை. ஜென் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது, நம் தியானம்தான் சீனத்தில் 'சான்' ஆகி ஜப்பானில் 'ஜென்' ஆனது. அடுத்தது ஒலியும் எழுத்துக்கூட்டும். ஜப்பானிய அசைகள் எளிமையானவை, ஹெப்பர்ன் 1867இல் போட்ட அகராதியிலிருந்து வளர்ந்த ரோமன் எழுத்துமுறையைப் பார்த்தால் ஓர் ஆங்கிலேயர் ஓரளவு சரியாகவே வாசித்துவிடுவார். சீனத்துக்கோ முதலில் வேட்-கைல்ஸ் முறை, 1958க்குப் பிறகு பின்யின், அதனால் ஒரே தத்துவம் தாவோ என்றும் டாவோ என்றும் இரண்டு பேரில் அலைகிறது. ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழியில் அந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால் சொல்லுக்கு என்ன மிஞ்சும்?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீனக் கடன்கள் நிறைய மொழிபெயர்ந்து உள்ளே போயிருக்கின்றன, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் 'முகத்தை இழப்பது' என்று மானம் போவதைச் சொல்வது சீன வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு. 'மூளைச் சலவை' 1950இல் பத்திரிகையாளர் எட்வர்ட் ஹன்டர் ஆங்கிலத்தில் பரப்பிய சீனச் சொல், தமிழும் அதை ஆங்கிலம் வழியாகவே எடுத்தது. 'காகிதப் புலி'யும் அப்படித்தான், மாவோ 1946இல் ஒரு பேட்டியில் சொன்ன பிறகு உலகம் முழுக்கத் தெரிந்தது. இவற்றையும் சேர்த்து எண்ணினால் சீனத்தின் பங்கு நாம் நினைப்பதைவிட நிச்சயம் பெரியது.

கடைசியாக, இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் சீனச் சொல் என்று தவறாகச் சேர்ந்திருப்பவற்றைக் கவனியுங்கள். 'மாண்டரின்' என்ற பேரே சீனம் இல்லை, சமஸ்கிருத மந்திரி மலாய்க்குப் போய்ப் போர்ச்சுகீசியர் வாயில் அப்படி ஆனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பார்கள். பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த 'கேஷ்' வேறு, இது வேறு. இந்த 'கேஷ்' போர்ச்சுகீசிய மாலுமிகள் தென்னிந்தியக் கரையில் கற்றுக்கொண்டு சீனா வரை எடுத்துப்போன நம்முடைய 'காசு'.