பண்டிகைப் படபடப்புக்கு: பாலக்கோடு சகோதரிக்குப் பதில்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. காலையில் காபி மட்டும், மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு என்று எழுதியிருந்தீர்கள். வேலைக் கவலை இருக்கட்டும், முதலில் அந்த வெறும் வயிற்றைக் கவனியுங்கள். பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதுவே படபடப்பாகவும் நடுக்கமாகவும் தெரியும். காபி அதை இன்னும் ஏற்றிவிடும்.

நம் பக்கத்துக் கேழ்வரகுக் கூழே போதும். முதல்நாள் காலை நான்கு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். மாலையில் மூன்று டம்ளர் தண்ணீரில் இரண்டு கைப்பிடி சாமை நொய்யை வேகவைத்து, கரைசலை ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குள் மோர், உப்பு, சின்ன வெங்காயத்தோடு குடியுங்கள். தண்ணீராகக் கரைத்தால் சீக்கிரமே பசிக்கும். கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொள்ளுச் சுண்டலோ அவசியம்.

அதிரசப் பாகை ருசி பார்ப்பதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும், இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சரியாகச் சாப்பிட்டும் படபடப்பு நீடித்தால் பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.