சவரிமுத்து, சேவியர், ஹவியெர்: மூன்றும் ஒரே பெயரா?

ஆமாம், ஒரே பெயர்தான். ஆனால் அது முதலில் ஆளின் பெயரே அல்ல, ஒரு வீட்டின் பெயர். பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. ஸ்பெயினின் நவார்ராவில் இருந்த கோட்டைக்கு 'புதுவீடு' என்ற பெயர் தேய்ந்து 'ஷவியெர்' ஆயிற்று. 1506இல் அங்கே பிறந்து, பின்னர் கிறிஸ்தவ மதபோதகரான பிரான்சிஸுக்கு ஊர்ப்பெயரே அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 1622இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு, அந்த ஊர்ப்பெயரையே பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள்.

ஒலி மொழிக்கு மொழி மாறியது. போர்த்துக்கீசியர் முதலெழுத்தான X-ஐ 'ஷ' என்றே சொன்னார்கள். ஸ்பானியத்தில் அது பின்னர் 'ஹ' போல ஆகி, பெயர் 'ஹவியெர்' ஆகிவிட்டது. 'சேவியர்' ஆங்கில வழி வந்தது. பிரான்சிஸ் 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்ததால், தமிழ் அதை நேரே போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கி 'சவேரியார்' ஆக்கியது. அதன்மேல் நம் ஒட்டுகள் ஏறின: சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள், ஊருக்குச் சவேரியார்புரம். அழகான தொடர்ச்சி இது! திருநாளான டிசம்பர் 3ஐ ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு இப்பெயர் வைப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: 'சவரி'யைச் 'சபரி' என்று திருத்திவிடாதீர்கள். அது ராமாயணச் சபரி, வேறு பெயர். சான்றிதழில் ஓரெழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல்தான்.