ஆள் இருக்கும் கடையை வாங்கியவருக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். வேலூர் தோட்டப்பாளையத்தில் முதலீடாக இருக்கட்டும் என்று 60 லட்சத்துக்கு ஒரு கடை வாங்கியிருக்கிறார். மூன்று மாதத்தில் காலி செய்துவிடுவார் என்று விற்றவர் வாய்வார்த்தையாகச் சொன்ன வாடகைதாரர் இரண்டு வருடமாக நகரவில்லை. மாதம் 9,000 கணக்கில் போடுகிறார், பக்கத்துக் கடை 25,000 போகிறது. கேட்டால் பழைய ஓனருக்குக் கொடுத்த 6 லட்சம் அட்வான்ஸையும், பத்திரப் பதிவு செய்யாத ஒன்பது வருட ஒப்பந்தத்தையும் காட்டுகிறார். விற்றவர் மேல் மோசடி வழக்குப் போடலாமா, கரண்டை வெட்டிக் கடையைப் பூட்டலாமா?

விற்றவர் சத்தியம் செய்தது, தரகர் போனை எடுக்காதது, வாடகைதாரர் மரியாதை இல்லாமல் பேசியது, இதெல்லாம் வழக்குக்கு உதவாது. நீங்கள் வாங்கும்போது கடைக்குள் ஒருவர் இருந்தார், அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 3வது பிரிவின்படி, சொத்தைக் கையில் வைத்து அனுபவத்தில் இருப்பவரின் உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும், 109வது பிரிவின்படி பழைய ஓனர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். காலிக் கடைக்கான விலையைக் கொடுத்து, 9,000 வாடகைக் கடையை வாங்கியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 1,08,000, போட்ட பணத்துக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை.

ஒன்பது வருட ஒப்பந்தத்துக்குப் பயப்பட வேண்டாம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகாமல் நிற்காது. ஆனால் அட்வான்ஸ் வேறு கணக்கு, பாங்கில் போன பணமாக இருந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன், என்னிடம் வருகிறவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஷட்டருக்கு இரண்டாவது பூட்டுப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6வது பிரிவில் அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் சொத்து யாருடையது என்று கோர்ட் பார்க்காது, சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினீர்களா என்று மட்டும்தான் பார்க்கும், தீர்ப்பு எதிராக வந்தால் அப்பீலும் கிடையாது. கரண்டை வெட்டினாலும், வாடகைச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரி திரும்பக் கொடுக்கச் சொல்வார். அதுவரை நல்ல நிலையில் இருந்த உங்கள் வழக்கில் அதன்பிறகு நீங்கள்தான் எதிராளி. அவர் போடும் வாடகையைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், உங்களை ஓனர் என்று அவரே ஒத்துக்கொள்வதற்கு அதுதான் சாட்சி.

வாடகை அதிகாரியிடம் பதிவான ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தை வைத்து, 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். போடுங்கள். ஆனால் போட்டுவிட்டு ராஜி பேசுங்கள், நான் சொல்வது அதுதான். பக்கத்துக் கடைக்கும் உங்களுக்கும் மாதம் 16,000 வித்தியாசம், வருடத்துக்கு 1,92,000. அந்த 6 லட்சத்தைக் கொடுத்து அனுப்பினால் ஏறக்குறைய மூன்று வருடத்தில் திரும்பிவிடும், அப்பீல் வரை போனால் அதைவிட அதிகம் இழப்பீர்கள். அவர் ஏழு கேட்டாலும் கோபப்படாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணத்தை முன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் இருவரும் கையெழுத்திட்ட ராஜி மனுவான கூட்டு மெமோ போட்டு, சரக்கு வெளியே போய், சாவி கைக்கு வந்த அன்று பாங்க் டிடி (டிமாண்ட் டிராஃப்ட்). உள்ளே அவர் யாருக்காவது உள்வாடகை விட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், பணத்தை வாங்கிக்கொண்டு இவர் போவார், மச்சான் உட்கார்ந்திருப்பார்.

விற்றவரிடம் கிரய விலையில் அட்வான்ஸைக் கழித்தீர்களா? கழிக்கவில்லை என்றால், பத்திரத்தில் ‘காலி சுவாதீனம்’, அதாவது யாரும் இல்லாமல் ஒப்படைத்ததாக, எழுதியிருந்தால், மோசடிப் புகாரை விட்டுவிட்டு அந்தத் தொகைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட உள்ள மூன்று வருடக் கெடுவில் இரண்டு போய்விட்டது.